பிரெஞ்சுப் பதிவேட்டில் பொன்னேரிப் பெயர்கள்

ஆரணியாற்றங்கரைப் பொன்னேரியோ, அதனைச் சூழ்ந்த கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், பழவேற்காட்டுப் பகுதிகளோ பிரெஞ்சுக் குடியேற்றங்களாக இருந்ததில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் தங்கியிருந்த ஐரோப்பியர் டச்சுக்காரர். 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையை எழுப்பிய அவர்கள், 1825இல்தான் அவ்வூரை ஆங்கிலேயரிடம் முடிவாக ஒப்படைத்தனர். டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மூவரும் குடும்பப் பேச்சில் 'வெள்ளைக்காரர்' என்னும் ஒரே சொல்லில் கலந்துவிடுவதால், 'எங்கள் கொள்ளுப்பாட்டன் பிரெஞ்சுக்காரனிடம் வேலை பார்த்தவர்' என்னும் செய்தியை நம்பித் தேடத் தொடங்குபவர், அந்த வெள்ளைக்காரர் இன்னார் என்பதை உறுதிசெய்த பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள பழவேற்காட்டுக் கல்லறைகளில் உள்ள ஐரோப்பியப் பெயர்கள் டச்சுப் பெயர்களே. அவற்றைப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களாகக் கொண்டு தேடுவது வீண்வேலை. தடம் டச்சுக்காரரிடம் சென்றால், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் டச்சு ஆவணத் தொகுதியும், நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமும்தான் செல்ல வேண்டிய இடங்கள். அது இந்த அத்தியாயத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எனினும் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறுவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது ஒப்பந்தக் கூலி முறை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், ரியூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டத் தொடங்கினர். ரியூனியனுக்கு அதற்கு முன்பே, 1828இல், யானாமிலிருந்து தெலுங்குத் தொழிலாளர் சிலர் அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். 1853இல் 'ஒரேலி' என்னும் கப்பல் மர்த்தினிக்கையும், 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பையும் அடைந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அளவில் சிறியவை. அவற்றின் மக்களைக் கொண்டு மட்டும் இத்தேவையை நிறைவுசெய்ய முடியாது என்பதால், ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளிலும் ஆள் சேர்க்க இடமளிக்கும் உடன்படிக்கைகள் 1860இல் ரியூனியனுக்காகவும் 1861இல் ஏனைய பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்காகவும் கையெழுத்தாயின. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. அக்காலத்தில் பொன்னேரி, செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகாக்களுள் ஒன்று. திருவள்ளூர் மாவட்டம் என்பது 1997இல்தான் உருவானது. ஆகவே பழைய குடிபெயர்வுப் பதிவேடுகளில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று தேடினால் எதுவும் அகப்படாது. 'சிங்கில்பட்' என்றும், அதன் உட்பிரிவாகப் 'பொன்னேரி' என்றும் தேட வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பது பயன் தரும். ரியூனியனுக்கான ஆள்சேர்ப்பு 1882இல் ஆங்கில அரசால் நிறுத்தப்பட்டது.

மொரீசியஸ் இதில் தனித்த நிலை உடையது. 1810 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அத்தீவு பின்னர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதிலும், பிரெஞ்சு மொழியும் பிரெஞ்சுச் சிவில் சட்டமும் அங்கே நிலைத்துவிட்டன; ஆனால் 1834 முதல் வந்திறங்கிய இந்தியத் தொழிலாளரின் பெயர்களை எழுதியது ஆங்கில அரசின் குடிவரவு அலுவலகம். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட அண்ணன் ரியூனியனுக்கும் தம்பி மொரீசியஸுக்கும் போயிருந்தால், அவர்களுடைய தகப்பன் பெயர் இரண்டு தீவுகளிலும் இருவேறு எழுத்துக்கூட்டலில் நிற்கும்.

எஞ்சிய வழிகள் குறுகியவை. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டவர்களும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட புதுச்சேரிக்காரர்களும் தங்கள் பெட்டிகளில் பிரெஞ்சுத் தாள்களை வைத்திருக்கக்கூடும். அவர்களுக்குத் தேடல் எளிது. முன்னோர் பெயர் ஏற்கெனவே ஒரு நகராட்சியின் பதிவேட்டில் இருக்கிறது.

தனிப்பெயர் குடும்பப் பெயரான விதம்

பிரெஞ்சுச் சட்டம் ஒருவரின் பெயரை இரண்டாகப் பிரிக்கிறது. பிறக்கும்போது பெற்றோர் சூட்டுவது 'பிரெனோம்' எனப்படும் முதற்பெயர். தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது 'நோம்' எனப்படும் குடும்பப் பெயர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1794 ஆகஸ்ட் 23 அன்று இயற்றப்பட்ட சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரையன்றி வேறெதையும் எவரும் தரிக்கக் கூடாது என்று விதித்தது. எழுத்தர் ஒரு முறை எழுதிய எழுத்துக்கூட்டல், தவறாகவே இருந்தாலும், வழிவழியாகத் தொடர்வதற்கு இதுவே வேர். தமிழரின் வழக்கமோ இதற்கு முற்றிலும் வேறானது. ஒருவருக்கு உள்ளது ஒரு பெயர்; அவரை அடையாளம் காட்டுவது தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும், சில வேளைகளில் சாதிப் பட்டமும். தகப்பன் பெயர் இன்று தலைப்பெழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. மகனுக்கு ஒரு தலைப்பெழுத்து, பேரனுக்கு வேறு தலைப்பெழுத்து என்று ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

இவ்விரு முறைகளும் மோதிய இடம் கப்பல் ஏறுமுன் ஆட்களைத் தங்கவைத்த 'டிப்போ'வின் மேசை. 'ராமசாமி மகன் முத்துசாமி' என்று சொன்ன ஒருவர், தீவில் இறங்கியதும் 'முத்துசாமி' என்னும் ஒற்றைப் பெயருடனும், 'மத்ரிக்கூல்' எனப்படும் பதிவெண்ணுடனும் ஏட்டில் ஏறினார். அவருக்குப் பிள்ளை பிறந்தபோது, நகராட்சி எழுத்தருக்குக் குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. தகப்பனின் தனிப்பெயரையே அவ்விடத்தில் எழுதினார். அன்று முதல் முத்துசாமி என்பது ஒருவரின் பெயராக இல்லாமல் ஒரு பரம்பரையின் பெயராக உறைந்துபோயிற்று. இன்று குவாதலூப்பிலும் ரியூனியனிலும் முத்துசாமி, ராமசாமி, அப்பாவு, சபாபதி, கணபதி என்னும் பெயர்களைக் குடும்பப் பெயர்களாகத் தாங்கியோர் மிகுதி. இவற்றுள் ஒவ்வொன்றும், முதலில் கடல் கடந்த மூதாதை ஒருவரின், அல்லது அவருடைய தகப்பனின், தனிப்பெயர் மட்டுமே. ஆதலால் 'முத்துசாமி குடும்பம்' எதுவென்று பொன்னேரியில் வந்து கேட்பதில் பொருளில்லை. அப்படியொரு குடும்பம் இங்கே என்றுமே இருந்ததில்லை. அதே போல, ஒரே தீவில் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கும் இருவர் உறவினராக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

சில சமயம் பெயரோடு தொழிலும் உறைந்தது. ரியூனியனில் காணப்படும் 'சுப்பராயன்மேஸ்திரி' என்னும் குடும்பப் பெயரில், வேலையாட்களை மேற்பார்த்த மேஸ்திரி ஒருவர் இன்னும் இருக்கிறார். பிள்ளைப் பட்டமும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ரியூனியன் அரசியலில் அறியப்பட்ட ழான்-போல் விராபூல்லேயின் குடும்பப் பெயர் அத்தகையது.

தாயின் பெயர் குடும்பப் பெயரானதற்கும் சட்டமே காரணம். தாலி கட்டி நடந்த திருமணத்தை நகராட்சியில் பதியாதவரை பிரெஞ்சுச் சட்டம் திருமணமாகக் கொள்ளவில்லை. அத்தகைய இணையருக்குப் பிறந்த குழந்தையைத் தகப்பன் முறைப்படி ஏற்றுக்கொண்டதாகப் பதிவு செய்யாவிட்டால், குழந்தைக்குத் தாயின் பெயரே குடும்பப் பெயராயிற்று. மீனாட்சி, லட்சுமி போன்ற பெண்பெயர்கள் ஆண் வழியாகவும் இறங்கும் குடும்பப் பெயர்களாக அத்தீவுகளில் காணப்படுவதற்கு இவ்வழக்கம் ஒரு காரணம். அத்தகைய பெயருடைய குடும்பத்தில் தகப்பன் வழியை மட்டும் தேடுபவர் முட்டுச்சந்தில் நிற்பார். அவர் தேட வேண்டியது, மூட்டையில் கட்டிய துணியோடு கப்பலேறிய அந்தப் பெண்ணின் பதிவெண்ணைத்தான்.

முதற்பெயர்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. 1803ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்காட்டியிலுள்ள புனிதர் பெயர்களும் பண்டை வரலாற்றுப் பெயர்களுமே முதற்பெயராக ஏற்கப்பட்டன. பெற்றோர் விரும்பிய பெயரை வைக்க முழு உரிமை 1993இல்தான் கிடைத்தது. இதனால் ரியூனியன் தமிழ்க் குடும்பங்களில் நகராட்சிக்கு ஒரு பெயரும் வீட்டுக்கும் கோயிலுக்கும் வேறொரு பெயரும் வழங்கின. பதிவேட்டில் 'ழோசெஃப்' என்று இருப்பவரை வீட்டில் 'வேலு' என்று அழைத்திருக்கலாம். முதற்பெயரைக் கொண்டு ஒருவர் கிறித்தவராக இருந்தார் என்று முடிவு கட்டுவது தவறு.

எழுத்துக்கூட்டலைப் படித்தல்

பொன்னேரிப் பக்கம் இன்றும் பரவலாக வழங்கும் முனுசாமி என்னும் பெயரை எடுத்துக்கொண்டால், எழுத்தரின் கை எப்படி இயங்கியது என்பது விளங்கும். பிரெஞ்சு எழுத்தர் உகர ஒலிக்கு ஓ, யூ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார். இரு உயிர்களுக்கு நடுவே எஸ் ஒற்றையாக வந்தால் அவர் மொழியில் அது இசட் போல ஒலிக்கும் என்பதால் அதை இரட்டிப்பார். ஆக, ரியூனியனில் அப்பெயர் எம்-ஓ-யூ-என்-ஓ-யூ-எஸ்-எஸ்-ஏ-எம்-ஒய் என்று நிற்கும். மொரீசியஸில் ஆங்கில எழுத்தர் ஓவை இரட்டித்து, நடு உகரத்தை விழுங்கி, 'மூன்சாமி' ஆக்கிவிட்டார். சென்னையின் பத்திரப்பதிவு ஏட்டிலோ எம்-யூ-என்-யூ என்று தொடங்கி, முடிவில் 'சாமி' சில வேளை 'சுவாமி'யாகவும் மாறியிருக்கும். மூன்றும் ஒரே பெயர். கணினியில் எழுத்துக்கு எழுத்து தேடுபவருக்கு மூன்றும் மூன்று மனிதர்.

இன்னும் சில வழக்கங்களை அறிந்திருத்தல் நன்று. தமிழின் ழகரத்தைப் புதுச்சேரிப் பிரெஞ்சு எழுத்தர்கள் ஜே என்னும் எழுத்தால் குறித்தனர். பழனி என்பது பி-ஏ-ஜே-ஏ-என்-ஐ என்று எழுதப்பட்டதை ஆங்கிலம் பழகியவர் 'பஜனி' என்று வாசித்து, அப்படியொரு பெயர் உண்டா என்று வியப்பார். புதுச்சேரியில் பழனியாண்டியும் பழனிராஜாவும் இன்றும் இவ்வாறே கடவுச்சீட்டில் இருக்கின்றனர். பெயரின் இறுதியிலுள்ள 'அன்', 'அம்' ஆகியவை பிரெஞ்சு மூக்கொலிக்கு ஏற்ப 'இன்', 'என்', 'ஓம்' என்று திரிந்தன. வீரப்பன் 'விராபின்' ஆனதும், சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனதும் அவ்வாறே. குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்று 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரோமின் பெயரில் இதனைக் காணலாம். பிள்ளை 'பூல்லே' ஆயிற்று. முதலியார் 'மொதேலியார்' ஆனார்.

ஐயம் வரும்போதெல்லாம் ஏட்டுப் பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்ப்பது தேர்ந்த ஆய்வாளர்களின் வழக்கம். புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளில் பிறப்பையோ இறப்பையோ அறிவிக்க வந்தவரும் சாட்சிகளும் பல வேளைகளில் தமிழிலேயே கையெழுத்திட்டுள்ளனர். மேலே பிரெஞ்சு எழுத்தர் எத்தனை விதமாகச் சிதைத்திருந்தாலும், கீழே உள்ள அந்தத் தமிழ்க் கையெழுத்து பெயரின் சரியான வடிவத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதத் தெரியாதவர் கைநாட்டோ கீறலோ வைத்திருப்பார்; அங்கே எழுத்தரின் காதுதான் ஒரே சான்று.

பொன்னேரி வட்டாரத்திற்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குவதால், ஒரே ஊரிலிருந்து போனவர்களில் சிலர் பெயர் 'ஐயா', 'அம்மா' என்னும் தெலுங்கு ஈறுகளோடு இருக்கும். தீவிலோ இருவகையினரையும் 'மலபார்' என்னும் ஒரே சொல்லால் அழைத்தனர்; ரியூனியனில் அது 'மல்பார்' என இன்றளவும் வழங்குகிறது. கேரளக் கடற்கரையின் பெயரிலிருந்து வந்த சொல்லாயினும், அவ்வாறு அழைக்கப்பட்டவர் அங்கிருந்து போனவர் என்பதற்கு அது சான்றாகாது. அதை நம்பிக் கோழிக்கோட்டில் வேர் தேடப் புறப்படுவோரைத் தடுப்பது இத்தகைய வழிகாட்டியின் கடமைகளுள் ஒன்று.

தாமே பெயர் தேர்ந்தவர்கள்

புதுச்சேரியின் வரலாற்றில் குடும்பப் பெயரைத் தாமே விரும்பி ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டோர். 1881 செப்டம்பர் 21 அன்று பிறப்பித்த ஆணைப்படி, பிரெஞ்சிந்தியக் குடிமக்கள் தங்கள் இந்து, முகம்மதிய அல்லது சாதி வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம். துறந்தது துறந்ததுதான், மீள முடியாது. அவ்வாறு அறிவிக்கும் பத்திரத்திலேயே தாம் இனித் தாங்கப்போகும் குடும்பப் பெயரையும் அவர்கள் குறிப்பிட வேண்டும். இவ்வியக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடி வென்றவர். அவர் 'லா போர்த்' என்னும் பிரெஞ்சுச் சொல்லைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். சிலர் இவ்வாறு பிரெஞ்சுச் சொற்களையும், சிலர் புனிதர் பெயர்களையும், சிலர் தகப்பன் அல்லது பாட்டன் பெயரையும் எடுத்துக்கொண்டனர். ரெனோன்சான்களில் பலர் பிரெஞ்சு அரசுப்பணியிலும் படையிலும் சேர்ந்து சைகோன் சென்றதால், ஒரே குடும்பத்தின் பதிவுகள் புதுச்சேரிக்கும் வியட்நாமுக்குமாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு.

இந்த ஆணையிலிருந்து பொன்னேரிக்காரர் அறிய வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றுதான்: துறப்புரிமை பிரெஞ்சுக் குடியேற்றங்களின் மக்களுக்கு மட்டுமே உரியது, ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட பொன்னேரிவாசிக்கு அது கிடையாது. இங்குள்ள குடும்பம் ஒன்று ரெனோன்சான் பெயரைத் தாங்கியிருந்தால், அதைக் கொண்டுவந்த மூதாதை புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தில் ஒன்றைச் சேர்ந்தவராகவே இருந்திருக்க வேண்டும். ஒருவர் பெயர் பிரெஞ்சாக ஒலிப்பதால் அவர் உடலில் பிரெஞ்சு இரத்தம் ஓடுவதாகக் கொள்வதும், பெயருக்கு முன் 'த' என்னும் ஒட்டு இருப்பதால் பிரபு வம்சம் என்று பெருமைப்படுவதும் ஆவணத்தின் முன் நிற்காதவை.

பெண்களைத் தேடும்போது பிரெஞ்சு முறை பேருதவி செய்கிறது. தமிழ்நாட்டில் திருமணத்துக்குப் பின் பெண்ணின் தலைப்பெழுத்து கணவன் பெயருக்கு மாறிவிடுவதால் அவள் பிறந்த வீட்டுத் தடம் அழிந்துபோகிறது. பிரெஞ்சுப் பதிவிலோ ஒரு பெண் இறக்கும்வரை பிறந்த பெயராலேயே எழுதப்படுகிறாள். கணவன் பெயர் வழக்குக்காகச் சேர்க்கப்படுவது மட்டுமே. இறப்புப் பதிவிலிருந்தே அவளுடைய பெற்றோரை எட்டிவிடலாம்.

எங்கே, எந்த வரிசையில்

தேடல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மூலப் பத்திரம், பழைய பட்டா, கோயில் வரிக் கணக்கு, கடிதங்களின் உறைகள், இறந்தவர் படத்தின் பின்புறக் குறிப்பு ஆகியவற்றிலிருந்து தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், ஏறத்தாழ ஆண்டு ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பொன்னேரி சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அதிலுள்ள பழைய பத்திர எண்களைக் கொண்டு நகல் கோரினால், 'இன்னார் பேரனும் இன்னார் மகனுமாகிய' என்று தொடங்கும் வரிகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் ஒரே இடத்தில் கிடைப்பதுண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'தேசாந்திரம் போன' சகோதரனின் பங்கைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். கப்பலேறியவரைப் பற்றி ஊரில் எஞ்சிய ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம்.

அடுத்து நாட வேண்டியது, தெற்குப் பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம். பிரெஞ்சுக் குடியேற்றங்களின் பதிவுகளுக்கு மற்றொரு படி எடுத்துத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இல் பிறந்த அரச ஆணையின் பயனாக, புயலிலும் கரையானிலும் அழிந்த ஏடுகளின் படிகள்கூட அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்திய ஊர்களுக்கும், ரியூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் உரிய நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளை அக்காப்பகம் இணையத்தில் கட்டணமின்றிப் பார்வைக்கு வைத்துள்ளது. பொன்னேரியில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். அதனைவிடப் பிந்தைய பிரெஞ்சிந்தியப் பதிவுகளுக்கு நாந்த் நகரிலுள்ள பிரெஞ்சு வெளியுறவு அமைச்சின் மத்தியக் குடிமைப்பதிவு அலுவலகத்தை அணுக வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகள் கழிந்த பின்னரே எல்லோருக்கும் திறக்கும் என்பது பிரெஞ்சு விதி. அதற்குள் முழு நகல் பெற, தேடுபவர் நேர்வழி உறவை நிறுவ வேண்டியிருக்கும்.

ஏட்டைத் திறந்ததும் ஆண்டு ஆண்டாகப் புரட்டுவது நேர விரயம். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுக்கப்பட்ட பெயரகராதிகள் உள்ளன. அவற்றில் பெயரின் எல்லா வடிவங்களையும் பார்த்துவிட்டு, பிறகு உரிய பதிவுக்குச் செல்லலாம். தேதிகள் எண்ணால் இன்றி எழுத்தால் எழுதப்பட்டிருக்கும் என்பதால், பிரெஞ்சு எண்ணுப்பெயர்களையும் மாதப் பெயர்களையும் மட்டும் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பதிவின் ஓரத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட சிறு குறிப்புகளை விட்டுவிடலாகாது. தகப்பன் குழந்தையை ஏற்றது, திருமணம், பெயர்த் திருத்தம் முதலியவை அங்கேதான் இருக்கும். பிறப்பு உரிய காலத்தில் பதியப்படாமல் போயிருந்தால், நீதிமன்றத் தீர்ப்பின் வழியே பின்னர் சேர்க்கப்பட்ட பதிவு, பிறந்த ஆண்டில் அன்றித் தீர்ப்பு வந்த ஆண்டின் ஏட்டில் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைத் தேடுவோருக்கு, ஆளுநராக இருந்த அல்ஃப்ரெத் மர்த்தினோ 1676 முதல் 1735 வரையிலான பதிவுகளைச் சுருக்கித் தொகுத்த நூல் நல்ல தொடக்கம். ஆனால் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி வைத்திருந்த காலங்களில், குறிப்பாக 1793 முதல் 1816 வரை, இடைவெளிகளை எதிர்பார்க்க வேண்டும்.

புதுச்சேரியிலேயே நேரில் பார்க்க விரும்புவோருக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜீவானந்தபுரம் கிளையும், நகராட்சிப் பதிவகமும் உள்ளன. மொரீசியஸ் சென்றவர்களுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம். அங்குள்ள குடிவரவு ஏடுகளில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் ஆகிய பத்திகள் இருப்பதும், சில தொகுதிகளில் புகைப்படம் இருப்பதும் வேறெங்கும் கிடைக்காத வசதி. ரியூனியனுக்கு சான்-தெனியிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு ஜில்லா ஆவணங்களும், குடிபெயர்வு குறித்த அரசு நடவடிக்கைக் குறிப்புகளும் உள்ளன. எனினும் அவற்றில் தனிமனிதர் பெயர் கிடைப்பது அரிது என்பதால், ஊரின் சூழலை அறிய மட்டுமே அவற்றை நாடுவது சிறந்தது.

1962க்குப் பிந்தைய பதிவுகளைத் தேடுவோருக்கு ஒரு தேதி இன்றியமையாதது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், அந்நிலப்பகுதியில் பிறந்து அங்கேயே வசித்தோர் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அந்த விருப்பப் பத்திரமோ அதன் நகலோ வீட்டில் இருந்தால், அது தேடலுக்கு வலுவான சான்றாகும்.

சான்றின் எடை

ஒரு பெயரும் ஓர் ஊரும் பொருந்திவிட்டால் உறவு நிறுவப்பட்டதாகாது. முனுசாமி மகன் ஏகாம்பரம் என்னும் சேர்க்கை பொன்னேரி வட்டத்தில் ஒரே காலத்தில் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கும். தகப்பன் பெயர், ஊர், வயது, பதிவெண் ஆகியவற்றுள் குறைந்தது மூன்று பொருந்தி, ஒன்றையொன்று சாராத இரண்டு ஆவணங்கள் அதனைச் சொன்னால் மட்டுமே உறவு என்று எழுதலாம். சாதிப் பத்தியை முழுமையாக நம்புதல் கூடாது. டிப்போவில் சொன்னவர் மாற்றிச் சொன்னதும் உண்டு, எழுதியவர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெயரை இட்டு நிரப்பியதும் உண்டு. வயது பெரும்பாலும் மதிப்பீடே.

எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் வழிபாடு ஓரளவு துணைபுரியும். ரியூனியனில் 'பாண்டியாலே' என்று வழங்கும் பாஞ்சாலியம்மனுக்கு ஆண்டுதோறும் தீமிதித் திருவிழா நடக்கிறது. திரௌபதியம்மன் வழிபாடு தொண்டை மண்டலத்தில் ஆழ வேரூன்றியது. குவாதலூப்பில் மாரியம்மன் 'மாலியேமன்' ஆகவும், மதுரைவீரன் 'மல்தேவிலன்' ஆகவும் வணங்கப்படுகின்றனர். ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் காத்துவரும் தெய்வம் அவர்களுடைய வட்டாரத்தைச் சுட்டக்கூடும். ஆனால் தோட்டத்தில் பல ஊர்க்காரரும் ஒரே கோயிலைப் பகிர்ந்துகொண்டனர் என்பதால், குலதெய்வத்தைக் கொண்டு ஊரைத் தீர்மானிப்பது மிகையாகும்.

இத்தேடலின் பயன் இப்போது உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. மொரீசியஸிலுள்ள இந்திய வம்சாவளியினரின் ஏழாம் தலைமுறை வரை கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னோரின் இந்தியப் பூர்வீகத்தை ஆவணத்தால் காட்டியாக வேண்டும். ஆகவே தீவுகளிலிருந்து பொன்னேரிக்கு வந்து ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரிப்போர் இனியும் வருவர். அவ்வாறு வருபவரை வரவேற்று, தண்ணீர் கொடுத்து, கோயிலுக்கும் அழைத்துச் செல்வது இப்பக்கத்து மரபு. அதோடு, விருந்தினர் மனம் நோகக்கூடாதென்று 'ஆமாம், அவர் எங்கள் பாட்டனாரின் அண்ணன்தான்' என்று தலையாட்டிவிடும் வழக்கமும் உண்டு. அந்த ஒரு தலையாட்டல் அவர்களுடைய வம்ச வரைபடத்தில் அச்சேறி, அடுத்த தலைமுறைக்குச் சான்றாகிவிடும். பழைய பத்திரம் இருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் தெரியாது என்றே சொல்லி அனுப்புங்கள்.